அரைநொடி பிந்தும் கேமரா

குத்துச்சண்டை அரங்குக்குள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரே ஆள் அவள்தான். கூரை ஒழுகாது. ஒழுகுவதெல்லாம் மேடையில் நிற்பவர்களின் மூக்கு. மேடையின் நீலமூலைக்குக் கீழே கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாதான் அவளுக்குச் சிம்மாசனம். அங்கிருந்து கயிறுகளுக்கு நடுவே கேமராவை நீட்டிப் படம் எடுப்பாள். ரத்தம், எச்சில், வியர்வை மூன்றும் கூட்டுச் சேர்ந்து தெறிக்கும்போது கண்ணை மூடமாட்டாள். வாயை மட்டும் மூடிக்கொள்வாள். முதல் வருடம் அதுவும் தெரியாமல் இருந்தாள். பிறகு கற்றுக்கொண்டாள். சில பாடங்களை ஒரு தடவை ருசி பார்த்தால் போதும்.

அவளுக்கு அங்கே பெயர் அரைநொடி. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு கனத்த ஆசாமி தாடையில் குத்து வாங்கி, கயிற்றைத் தாண்டி, நெல்மூட்டை மாதிரி அவள்மேல் விழுந்தான். அவனுக்கு இரண்டு விலா போயிற்று. அவளுக்கு ஒரு தோள்பட்டை. கேமராவுக்கு அரை நொடி. அன்றிலிருந்து பொத்தானை அமுக்கினால் அது உடனே திறக்காது. உள்ளே இருக்கிற கண்ணாடி கொட்டாவி விட்டு, நெட்டி முறித்து, சரி போகட்டும் என்று அரை நொடி கழித்துத்தான் மேலே எழும்பும். குத்துச்சண்டையில் அரை நொடி என்பது ஒரு யுகம். அதற்குள் ஒருவன் அடித்து, இன்னொருவன் விழுந்து, நடுவர் எண்ணவும் ஆரம்பித்திருப்பார்.

வேறு யாராவதாக இருந்தால் கேமராவை மாற்றியிருப்பார்கள். அவள் தன்னை மாற்றிக்கொண்டாள். அரங்கில் எல்லோரும் குத்தைப் பார்த்தார்கள். அவள் குத்துக்கு முந்தினதைப் பார்த்தாள். அடிக்கப் போகிறவன் எவனும் சொல்லாமல் அடிப்பதில்லை. ஒருவனுக்குக் குதிகால் ஒரு விரற்கடை எழும்பும். இன்னொருவன் எச்சிலை விழுங்குவான். தொண்டைக்குமிழ் ஏறும்போது அவள் பொத்தானை அமுக்குவாள், குமிழ் இறங்கும்போது குத்து விழும், கேமரா திறக்கும். மூக்கு ஒரு பக்கம், முகம் ஒரு பக்கம், நடுவில் ரத்தத்துளி அந்தரத்தில். அப்படியொரு படம் வேறு எவனுக்கும் வராது. விலை உயர்ந்த கேமரா வைத்திருந்தவர்கள்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எப்படிம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவள் சொல்லமாட்டாள். பழுதான சாமானை வைத்துப் பிழைக்கிறேன் என்று எவள் ஊருக்குச் சொல்லுவாள்?

அந்தப் படங்களில் பாதி அவளுடைய மருமகனுடையவை. அரங்கில் அவனுக்குச் சம்மட்டி என்று பெயர். அவனுடைய வலதுகைக் குத்தை வாங்கியவர்கள் எழுந்து நின்றதும் முதலில் கேட்பது, "நான் எங்க இருக்கேன்?" என்பதுதான். வலதுகை கிளம்புமுன் அவன் கீழுதட்டை உள்ளே இழுத்துக் கடிப்பான். அது அவளைத் தவிர யாருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவளுடைய மகள் நான்கு வருடத்துக்கு முன்னால் அவனைக் கட்டிக்கொண்டாள். நேரில் பார்ப்பதற்கு முன்னால் சுவரில் அம்மா ஒட்டிவைத்த படத்தில்தான் பார்த்தாள்.

போன சனிக்கிழமை மூன்றாவது சுற்றில் சம்மட்டி எதிராளியின் தாடையைத் திருப்பினான். கதவுக் கீல் உடைகிற சத்தம். வாயிலிருந்த பல்லுறை பறந்து வந்து அரைநொடியின் மடியிலேயே விழுந்தது. விழுந்தவன் கால் மட்டும் தனியாக உதைத்துக்கொண்டிருந்தது. அவள் சரியாக, உதடு மடிந்த கணத்தில் அமுக்கியிருந்தாள். கேமரா திறக்கவில்லை. அரை நொடி, ஒரு நொடி, நடுவர் எட்டு எண்ணும் வரைக்கும் திறக்கவில்லை. ஒரு மாதமாகவே நாலு தடவைக்கு ஒரு தடவை இப்படிச் சண்டித்தனம் பண்ணிக்கொண்டிருந்தது. அன்றைக்குப் பார்த்து முழுக்க மலையேறிவிட்டது.

அரங்கு மேனேஜர் ஆளனுப்பவில்லை, தானே வந்தார்.

"ஏம்மா, ஊரே எழுந்து நின்னு கத்துது, உன்கிட்ட ஒரு படம் இல்ல. அடுத்த சனிக்கிழமை உன் மருமகனோட பட்டச் சண்டை. அதுக்குள்ள அந்த டப்பாவ ரிப்பேர் பண்ணு, இல்ல புதுசு வாங்கு. ரெண்டும் முடியாதுன்னா சொல்லிடு, பெயின்ட் டப்பாவுல உட்கார வேற ஆளு ரெடியா இருக்கான்."

"டப்பா என்னோடது சார்."

"எந்த டப்பா?"

"உட்கார்ற டப்பா."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கெடு கெடுதான்.

புதன்கிழமை காலையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர்காரனிடம் போனாள். திருகாணி என்று பெயர். உடம்பும் அப்படித்தான், தலை மட்டும் தட்டையாக அகலமாக இருக்கும். மேஜைமேல் பிரித்துப்போட்ட கேமராக்கள் குடலைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

"அக்கா, இதை எப்பவோ பொதைச்சிருக்கணும். நீங்க கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு அலையறீங்க."

"வாய மூடிக்கிட்டுப் பாரு."

காதோரம் வைத்து அமுக்கிப் பார்த்தான். அரை நொடி. இன்னொரு தரம். அரை நொடி. மூன்றாவது தரம் ஒன்றுமே இல்லை.

"கண்ணாடியத் தூக்குற மோட்டார் போச்சு. மாத்தினா ரெண்டு கோளாறும் போயிடும். நின்னு போறதும் இருக்காது, லேட்டாவதும் இருக்காது. ஆனா இந்தக் கிழத்துக்கு அந்தச் செலவு பண்றதுக்குப் புதுசே எடுத்துடலாம்."

அவள் பழைய கேமராவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நின்னு போறத மட்டும் சரி பண்ணு. அந்த அரை நொடியத் தொடாத."

திருகாணி கையிலிருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தான். "என்னக்கா இது? டாக்டர்கிட்ட போய், காய்ச்சல எடுத்துடுங்க, இருமல் எனக்கு வேணும்னு யாராவது கேப்பாங்களா?"

"அந்த இருமல நம்பித்தான்டா பதினோரு வருஷமா சோறு."

அவன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தான். பிறகு அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு எழுந்துபோய், அலமாரியிலிருந்து ஒரு கேமராவை எடுத்துவந்தான். ஒரு கை மாறியது, ஆனால் புதுசு மாதிரி. "மூணு நாள் வச்சுப் பாருங்க. நீங்க நெனச்சா அது எடுத்துடும். புடிச்சா இதையே வச்சுக்குங்க, புடிக்கலன்னா பழசப் பிரிக்கிறேன். முடிவு சொல்ற வரைக்கும் உங்க கிழத்தை நான் தொடமாட்டேன்."

ஆக ஒரு தோளில் பழசு, ஒரு தோளில் புதுசு. இரண்டு பெண்டாட்டிக்காரன் நடை நடந்து அவள் வீடு போய்ச் சேர்ந்தாள்.

வியாழக்கிழமை காலையில் பயிற்சிக் கூடம். பட்டச் சண்டைக்கு முந்தின கடைசிப் பயிற்சி. சம்மட்டியோடு மோதுவதற்கு மூன்று பேரை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒருவனுக்குப் புருவம் கிழிந்தது. இரண்டாமவன் வயிற்றில் வாங்கி, மண்டியிட்டு, காலையில் குடித்த டீயைத் திருப்பிக் கொடுத்தான். மூன்றாமவன் மணியடிக்கும் முன்னாலேயே போதும் என்றான். மணியடித்தபிறகும் ஒன்று வாங்கினான். கோச் கத்தியபிறகுதான் சம்மட்டி நின்றான். அரைநொடி இருநூறு படம் எடுத்தாள்.

மேனேஜர் தன் அறையில் கணினித் திரையில் அவற்றைத் தள்ளிக்கொண்டே போனார். தள்ளத் தள்ள முகம் சுருங்கியது.

"என்னம்மா இது? ஒருத்தனும் அடியே வாங்கலையே! எல்லாரும் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறான்!"

உண்மைதான். புதுக் கேமரா அமுக்கிய கணத்திலேயே எடுத்துவிட்டது. அவளோ பழைய வழக்கத்தில் அரை நொடி முந்தி அமுக்கியிருந்தாள். இருநூறு படத்திலும் குத்து இன்னும் கிளம்பவே இல்லை. அடி விழப்போகிற முகங்கள் மட்டும் இருந்தன.

பதினொரு வருடத்தில் அவள் அந்த முகங்களைப் படமாகப் பார்த்ததில்லை. அடிப்பவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அடிபடுபவன் அவளுக்குச் சுவர் மாதிரி, குத்து போய் ஒட்டுகிற இடம். இப்போது பார்த்தாள். ஆள் வேறு வேறு, முகம் ஒன்றே. தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். இடது தோள் காதுவரைக்கும் ஏறும். கண் முழுசாக மூடாது, பாதி. உதட்டோரத்தில் ஒரு சின்ன வளைவு. கெஞ்சலா, சிரிப்பா என்று சொல்லமுடியாது. ஆறடி உயர ஆம்பிளைகள், முதுகில் புலி பச்சை குத்தியவர்கள், அந்த ஒரு கணத்தில் எல்லோரும் வாத்தியார் முன்னால் நிற்கிற ஒண்ணாங்கிளாஸ்.

"நாளைக்கு உன் மருமகன் வீட்டுக்குப் போய்ப் புருஷன் பொண்டாட்டி படம் ஒண்ணு எடு. போஸ்டருக்கு. மேடையில சிங்கம், வீட்டுல தங்கம்னு போடப்போறேன்" என்றார் மேனேஜர். "அதையாவது ஒழுங்கா எடு. அங்க யாரும் யாரையும் அடிக்கப் போறதில்ல."

வெள்ளிக்கிழமை மத்தியானம் போனாள், கழுத்தில் புதுசு, தோள்பையில் பழசு. மகள் கதவைத் திறந்தாள். புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டை. "வாம்மா" என்றாள், சிரித்தாள். சுவர் முழுக்க அம்மா எடுத்துக் கொடுத்த படங்கள். நாலு வருடச் சிரிப்பு. ஒன்றில்கூட மகள் சிரிக்காமல் இல்லை. சோபாவுக்கு மேலே பலகையில் சம்மட்டியின் கோப்பைகள் வரிசையாக நின்றன.

"அத்தை, நல்லா எடுங்க. மூக்கு நேரா இருக்கும்போது எடுத்துடுங்க, நாளைக்கு எப்படியோ!" என்றான் சம்மட்டி. நகைச்சுவை உணர்வு இல்லாதவன் என்று அவனைச் சொல்லமுடியாது.

இருவரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். "தோள்மேல கை போடுங்க மாப்ளே" என்றாள் அரைநொடி. அவன் வலதுகையைத் தூக்கினான். கை தோளில் இறங்கும் அரை நொடிக்கு முன்னால், பழக்கதோஷம், அவள் அமுக்கிவிட்டாள்.

"ச்சே, முந்திடுச்சு" என்று சொல்லிக்கொண்டே கேமராவின் முதுகைப் பார்த்தாள்.

தாடை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. இடது தோள் காதுவரை ஏறியிருந்தது. கண் பாதி மூடியிருந்தது.

தலையை நிமிர்த்திப் பார்த்தாள். மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் கை தோள்மேல் இருந்தது. எல்லாம் அழகாக இருந்தது. பழைய கேமராவாக இருந்தால் இதைத்தான் எடுத்திருக்கும். நாலு வருடமாக இதைத்தான் எடுத்துக் கொடுத்துச் சுவரில் மாட்டவைத்திருந்தது.

கேமராவின் முதுகை மறுபடி பார்த்தாள். ஆனாலும் ஒரு படத்தை வைத்து யாரையும் தூக்கில் போடமுடியாதே. "மாப்ளே, பின்னால இருக்கிற பெரிய கோப்பையை எடுத்து மடியில வச்சுக்குங்களேன்" என்றாள். அவன் மகளின் தலைக்கு மேலே கையை நீட்டினான். அமுக்கினாள். அதே முகம். "இல்ல, பாப்பா மடியில இருக்கட்டும்." அவன் கோப்பையை நீட்டினான். அமுக்கினாள். அதே முகம். மூன்றுக்கு மூன்று.

"போதும்" என்றாள். "பாப்பா, கொஞ்சம் தண்ணி குடு."

மகள் கோப்பையைக் கையில் பிடித்தபடியே சமையலறைக்குப் போனாள். அரைநொடி பின்னாலேயே போய் அவள் கையைப் பிடித்து, ஒன்றும் கேட்காமல் சட்டைக்கையை முழங்கைக்கு மேலே ஏற்றினாள். காயத்தின் வயதை நிறத்தை வைத்துச் சொல்வதில் அவளுக்கு நிகர் அரங்கு டாக்டர்கூட இல்லை.

"இந்த நீலம் ரெண்டு நாள். இந்த மஞ்சள் பத்து நாள். இது என்ன?"

"பாத்ரூம்ல வழுக்கிட்டேம்மா."

"பாத்ரூமுக்கு நாலு விரலா?"

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன்டி என்கிட்ட சொல்லல? ஒரு வார்த்தை?"

"எப்படிம்மா சொல்றது?" மகள் கிசுகிசுத்தாள். "அந்தக் கைய நீதான் போட்டோ புடிச்சுச் சுவத்துல மாட்டுற. ஊரு முழுக்கக் கை தட்டுது. அதே கைதாம்மா இது. வேற கை இல்ல."

மேடையில் பதினொரு வருடமாக எத்தனையோ பேர் விழுந்ததைப் பார்த்தவள்தான் அரைநொடி. விழுகிறவனுக்கு உள்ளே எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். எட்டு எண்ணுவதற்குள் எழுந்துவிட்டாள்.

"செருப்பப் போடு. நம்ம வீட்டுக்குப் போறோம்."

"என்ன குசுகுசு ரெண்டு பேரும்?" சம்மட்டி சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். அவள் ஏற்றிவிட்ட சட்டைக்கையைப் பார்த்தான். சிரிப்பு போகவில்லை, அப்படியே உறைந்தது. "அத்தை, நாளைக்குச் சண்டை. இன்னைக்கு வீட்டுல வேணாம்."

"வழிய விடுங்க."

"நீங்க போங்க. அவ எங்கயும் வரமாட்டா." மகளைப் பார்த்தான். "என்னடி சொல்லிக்கொடுத்த?"

அவன் கீழுதட்டை உள்ளே இழுத்துக் கடித்தான்.

உலகத்தில் அந்த உதட்டைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அங்கே நின்றிருந்தாள், கையில் அரை நொடியோடு. யோசிக்க அது போதாது. அவள் யோசிக்கவும் இல்லை. பொத்தானை அமுக்குகிற இடத்தில் தோள்பையை வீசினாள். பையில் இருந்தது பழைய கேமரா, பெரிய லென்ஸோடு, ஒரு அம்மிக்குழவிக் கனம். வலதுகை மகளின் முகத்துக்குப் பாதிவழி வந்தபோது பை அங்கே வந்து காத்திருந்தது.

கண்ணாடி நொறுங்கியது. அதற்குள்ளே, அதைவிடச் சின்னதாக, காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம். சம்மட்டி தன் மணிக்கட்டைப் பார்த்தான். அது பார்க்கக்கூடாத திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவன் அலறவில்லை, பழகினவன். இடதுகையைப் போட்டான். அதற்கு உதடு கடிக்கமாட்டான் என்பதை அவள் மறந்துவிட்டாள். வாயோடு வாங்கி, பாத்திரங்களோடு பாத்திரமாகச் சரிந்தாள். ஒரு பல் நாக்கின்மேல் வந்து உட்கார்ந்தது. தலைக்குமேல் அவன் கால் எழும்புவதைப் பார்த்தாள். அப்போதுதான் மகள் கையிலிருந்த கோப்பையை, பளிங்குக் கல் அடிப்பக்கம் கீழே வரும்படி, தரையில் ஊன்றியிருந்த அவனுடைய மற்றக் கால் விரல்கள்மேல் இறக்கினாள். இரண்டு கையாலும். முழு பலத்தோடு. நாலு வருடத்துப் பலம்.

இந்தத் தடவை அலறினான்.

"அம்மா, எழுந்திரு!" என்றாள் மகள். எழுந்தாள். பையையும் விடவில்லை, பல்லையும் விழுங்கவில்லை. இருவரும் அவனைத் தாண்டிக்கொண்டு வெயிலுக்கு வந்தார்கள்.

பட்டச் சண்டை நடக்கவில்லை. மேனேஜர் போனில் கத்திய கத்தலில் பாதி அவளுக்குக் கேட்கவில்லை, ஒரு காது வீங்கியிருந்தது. "இனிமே அரங்கு வாசல மிதிக்காத!" என்பது மட்டும் தெளிவாக விழுந்தது. "என் டப்பாவ மட்டும் அனுப்பிடுங்க சார்" என்றாள், பல் போன இடத்தில் காற்று விசிலடிக்க.

காவல் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். காயங்களைப் பார்த்து எழுதிக்கொண்டார். "பொண்ணு வழுக்கி விழுந்துடுச்சுன்னு அந்தப் பக்கம் சொல்லுவாங்க. சொல்லட்டும்" என்றார். பிறகு கேமராவின் முதுகில் அந்த மூன்று படங்களைப் பார்த்தார். முதலாவது. இரண்டாவது. மூன்றாவதில் பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார். "இதுல யாரும் யாரையும் அடிக்கல" என்றார் மெதுவாக. அப்புறம் புதுத் தாள் ஒன்றை எடுத்து முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை அரைநொடி ரிப்பேர் கடைக்குப் போனாள். மகளும் கூட வந்தாள். பையைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்ததும், லென்ஸ் மூன்று துண்டாக வந்தது, உடல் தனியாக வந்தது. திருகாணி வாயைப் பிளந்தான்.

"என்னக்கா, கீழ விழுந்துடுச்சா?"

"இல்ல. மேல விழுந்துச்சு."

அவன் அவள் வாயைப் பார்த்தான், மகளின் கையைப் பார்த்தான். கிண்டல் அத்தனையும் விழுங்கிக்கொண்டு, துண்டுகளை ஒவ்வொன்றாக ஒரு டப்பாவில் பொறுக்கிப் போட்டான். பொட்டலம் கட்டுகிற பக்குவத்தோடு போட்டான். "அப்ப ரிப்பேரா புதுசாங்கற கேள்வி முடிஞ்சுது."

"முடிஞ்சுது. இந்தக் கைமாத்துக் கேமராவையே வச்சுக்கறேன்."

"அதுல நீங்க முந்தி அமுக்குறீங்களே? பழக்கத்த மாத்திக்கணும்."

"மாத்திக்கமாட்டேன்."

அதற்குமேல் அவன் கேட்கவில்லை. மகள் நெற்றியில் ஒரு முடி விழுந்து கிடந்தது. அரைநொடி அதை ஒதுக்கிவிடக் கையைத் தூக்கினாள். மகளின் தாடை நெஞ்சோடு ஒட்டியது, இடது தோள் ஏறியது. பெற்றவளின் கைக்கே. அரைநொடி கையை அந்தரத்திலேயே நிறுத்தி, மெல்ல இறக்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு விசித்திரமான பழக்கம் வந்தது. எதற்குக் கையைத் தூக்குவதாக இருந்தாலும் அரைநொடி முன்கூட்டியே அறிவிப்பாள். "கையத் தூக்கறேன், ஃபேன் போட." "கையத் தூக்கறேன், டப்பா எடுக்க." கொசு அடிப்பதற்குக்கூட அறிவிப்பு. கொசுவுக்கும் கேட்டிருக்கும், பாதி தப்பித்துவிடும். "ரயில் ஸ்டேஷன் மாதிரி இருக்கும்மா" என்று மகள் சிணுங்குவாள். ஆனால் நிறுத்தச் சொல்லமாட்டாள். அரைநொடியும் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும் வேலை கிடைத்திருந்தது. அங்கேயும் அமுக்குவதற்கு முன் சொல்லிவிட்டுத்தான் அமுக்கினாள். "சிரி" என்று மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் எண்ணெய் புகைந்தது. அரைநொடி அவசரத்தில் மகளின் தலைக்குமேலே சடாரென்று கையை நீட்டிக் கரண்டியை உருவினாள். உருவியபிறகுதான் உறைத்தது. அப்படியே நின்றாள்.

மகள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். தோள் இருந்த இடத்திலேயே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னம்மா, கையத் தூக்கறேன்னு சொல்லவே இல்ல?"

"மறந்துட்டேன்டி."

"நானும்" என்றாள் மகள், வெங்காயக் கண்ணைத் துடைத்துக்கொண்டே.